சராசரி எதை அளக்கிறது? மான்ட்கோமரி புறநகர் நடுநிலைப் பள்ளிகளை முன்வைத்து

வாஷிங்டனை ஒட்டியுள்ள மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டியில் ஏறத்தாழ 40 அரசு நடுநிலைப் பள்ளிகள் இருக்கின்றன. கவுண்டி முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். ஆசிரியர் ஊதிய விகிதம்கூட ஒன்றுதான். எனவே செல்வம் மிகுந்த பெத்தெஸ்டாவின் பள்ளிக்கும் சில்வர் ஸ்பிரிங் வட்டாரப் பள்ளிக்கும் இடையே தேர்வு மதிப்பெண்ணில் தெரியும் இடைவெளியைக் கற்பித்தலின் ஏற்றத்தாழ்வாகவே பலரும் கொள்கின்றனர். நடுநிலைப் பள்ளியைப் பொறுத்தவரை இந்த முடிவுக்கு அடிப்படை மிகவும் பலவீனமானது.

ஆறாம் வகுப்பு மாணவர் மாநிலத் தேர்வை எழுதுவது கல்வியாண்டின் இறுதிப் பகுதியில். அப்போது அவர் அந்தப் பள்ளிக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் கழிந்தவை. வீட்டின் பங்கு அதற்கும் முந்தையது. மூன்றே ஆண்டுகள் தன்னிடம் இருக்கும் பிள்ளைகளின் மொத்தக் கற்றலையும் நடுநிலைப் பள்ளியின் கணக்கில் எழுதுவது முறையாகாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் அமெரிக்கா முழுவதும் 3 முதல் 8 வரையிலான வகுப்புகளின் மதிப்பெண்களை ஆராய்ந்தார். மாவட்டங்களின் சராசரி மதிப்பெண் குடும்பங்களின் பொருளாதார நிலையோடு இறுகப் பிணைந்திருந்தது. ஆண்டுதோறும் ஏற்படும் வளர்ச்சிக்கோ அப்பிணைப்பு மிகத் தளர்வாகவே இருந்தது. வறுமை மிகுந்த சிகாகோவில் ஐந்தாண்டுகளில் மாணவர்கள் ஏறத்தாழ ஆறாண்டு வளர்ச்சி கண்டனர்.

சராசரி மறைப்பது இன்னொன்றும் உண்டு. டகோமா பார்க் நடுநிலைப் பள்ளியில் கணிதம், அறிவியல், கணினியியலுக்கான ‘மேக்னட்’ எனும் சிறப்புச் சேர்க்கைத் திட்டமும், ஈஸ்டர்ன் நடுநிலைப் பள்ளியில் மனிதவியல் (humanities) துறைகளுக்கான மேக்னட் திட்டமும் நடக்கின்றன. பிற பகுதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் பிள்ளைகளும், பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்தே நடந்து வரும் பிள்ளைகளும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றனர். அந்த ஒற்றை எண் இரு சாராரில் எவரையும் சரியாகக் காட்டுவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்பதே பெற்றோருக்குத் தெரிய வேண்டியது. அதற்கு அந்த எண்ணில் விடையில்லை.

ஆனாலும் வீட்டு விலை அந்த எண்ணைத்தான் பின்தொடர்கிறது. மாசசூசெட்ஸ் புறநகர்களில் தொடக்கப் பள்ளிச் சேர்க்கை எல்லையின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்ட சாண்ட்ரா பிளாக், மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டு விலை ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுவதை 1999இல் காட்டினார். விலை ஏற ஏற, உள்ளே வரக்கூடியவர் யார் என்பதும் முடிவாகிறது. அதுவே அடுத்த சராசரியைத் தீர்மானிக்கிறது.

சக மாணவர்களின் பின்னணியும் பள்ளித் தரத்தில் அடக்கம்தானே என்று கேட்கலாம். வலுவான மறுப்புதான் இது. மான்ட்கோமரியில் பொது வீட்டு வசதி பெற்ற ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஹெதர் ஷ்வார்ட்ஸ், வறுமை குறைந்த தொடக்கப் பள்ளிகளில் சேர்ந்தோர், கூடுதல் நிதி பெற்ற வறுமை மிகுந்த பள்ளிகளில் படித்தோரைவிட முன்னேறியதை 2010இல் நிறுவினார். ஆயினும் அந்தப் பிள்ளைகளை அங்கே சேர்த்தது, புதிய குடியிருப்புகளில் ஒரு பங்கை எளியோருக்கு ஒதுக்கும் கவுண்டியின் 1974ஆம் ஆண்டுக் கொள்கை. எந்தத் தலைமையாசிரியரின் திறமையும் அதற்குக் காரணமல்ல. குடியிருப்புக் கொள்கையின் விளைவைப் பள்ளியின் தகுதியாக அச்சிடுவதை ஏற்க இயலாது. பல ஆண்டுகளின் வளர்ச்சியைச் சேர்த்துக் கணக்கிட்டு, மேக்னட் மாணவர்களைத் தனியே பிரித்து வெளியிட்டால்தான் இரு பள்ளிகளை அருகருகே வைத்துப் பார்க்க முடியும்.