பதினாலு மாடி

சென்ற மாதம் சென்னை போயிருந்தேன். சென்ட்ரலில் பேரனுடன் மெட்ரோ ரயில் ஏறினேன். அடுத்த நிலையம் எல்.ஐ.சி. என்று அறிவிப்பு வந்ததும், "இன்ஷூரன்ஸ் கம்பெனி பேரை ஏன் தாத்தா ஸ்டேஷனுக்கு வச்சிருக்காங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ரயிலில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எனக்கு முதலில் தெரிந்த உயரம் எய்ஃபல் கோபுரத்தின் உயரம்தான். 1889 கண்காட்சிக்காகக் கட்டியது, இருபது ஆண்டுக்குத்தான் அனுமதி, கம்பியில்லாத் தந்திக்கு உயரமான இடம் வேண்டியிருந்ததால் பிழைத்தது என்று எங்கள் வாத்தியார் கதை போலச் சொல்வார். உயரமாக இருந்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு வேலையும் செய்ய வேண்டும் என்பது அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

மவுண்ட் ரோட்டில் நிற்கும் பதினாலு மாடியின் கதை இன்னும் விசித்திரமானது. எந்த வேலைக்காகத் தொடங்கினார்களோ, அந்த வேலையை அது ஒரு நாள்கூடச் செய்யவில்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தம் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் தலைமையகமாக இருக்கட்டும் என்று ஆரம்பித்தது அது. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டது. 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகி எல்.ஐ.சி. ஆனபோது, அரைகுறையாக நின்ற கட்டிடமும் அதோடு கைமாறியது. லண்டன் கட்டிடக் கலைஞர்கள் பாதியில் விலக, நம்மவர் எல்.எம். சித்தாலே முடித்துக் கொடுத்தார். 1959 ஆகஸ்டில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். உயரம் 177 அடி. எனக்கு மீட்டரில் சொன்னால்தான் புரியும்: 54 மீட்டர். எய்ஃபலில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அன்றைய சென்னையில் அதுதான் இமயமலை.

திறந்த பிறகு, யாரும் உத்தரவு போடாமலே அது இன்னொரு வேலையை ஏற்றுக்கொண்டது. பட்டணத்துக்கு அடையாளமாக நிற்கும் வேலை. கிராமத்து ஆள் சென்னைக்கு வந்தான் என்று சினிமாவில் காட்ட, சென்ட்ரலும் இதுவும் போதும். அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணியவனிடம், மாடிக்கு இவ்வளவு என்று ஒரு எத்தன் காசு பறித்த நகைச்சுவையை நம் வயதுக்காரர்கள் கேட்டிருப்பீர்கள். பத்து மாடிதான் எண்ணினேன் என்று சொல்லி, தான் அவனை ஏமாற்றிவிட்டதாகச் சந்தோஷப்பட்டானாம் கிராமத்தான்!

நானும் எண்ணியவன்தான். என் பெரியப்பா மகன் அங்கே குமாஸ்தாவாக இருந்தார். 1966இல் என்னை லிப்டில் மேலே அழைத்துப் போனார். அதுவரை நான் லிப்டில் ஏறியதில்லை. வயிறு கீழேயே தங்கிவிட்டது போல இருந்தது. ஜன்னல் வழியே கடலைக் காட்டி, "உங்க ஊர்க் கடல்தாண்டா இது" என்றார் அண்ணன்.

1975 ஜூலையில் அந்தக் கட்டிடம் தீப்பிடித்து எரிந்த செய்தியைப் பேப்பரில் படித்தேன். வீட்டில் போன் கிடையாது. தபால் வந்து சேரும்வரை அலுவலகத்தில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, ஒரு வரி எழுதவில்லை. நான்காம் நாள் கார்டு வந்தது. "நலமாக இருக்கிறேன். என் மேஜை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, இன்னும் மேலே விடவில்லை" என்று எழுதியிருந்தார். கார்டை அம்மாவிடம் படித்துக் காட்டும்போது எனக்குக் குரல் வரவில்லை.

எரிந்த கட்டிடத்தைச் செப்பனிட்டார்கள். மறுபடி அலுவலகம் நடந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் அதுதான் உயரம். பிறகு அதைவிடப் பெரியவை எத்தனையோ வந்துவிட்டன. உயரத்தைக் காட்டும் வேலையிலிருந்து அதற்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் வேலையை மட்டும் இன்றும் பார்க்கிறது. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: 2019 முதல், தரைக்கு அடியில் ஓடும் ரயிலுக்கும் தன் பெயரைக் கொடுத்து இடம் காட்டுகிறது.

பேரனை அந்த நிலையத்திலேயே இறக்கி, மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். "இதுவா தாத்தா? சின்னதா இருக்கே" என்றான். எண்ணிப் பாருடா என்றேன். எண்ணினான். கீழ்த்தளத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் தகராறு வந்தது. அண்ணன் இருந்திருந்தால் தீர்த்து வைத்திருப்பார்.