எதிரி ஏன் இன்னும் முட்டாளாகவே இருக்கிறான்?

ஸ்கைரிம் விளையாடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒளிந்திருந்து ஒரு கொள்ளைக்காரன் மேல் அம்பு விடுகிறீர்கள். அம்பு உடம்பில் குத்தி நிற்கிறது. அவன் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் தேடுகிறான். பிறகு ஒன்றுமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறான். பக்கத்தில் அவனுடைய கூட்டாளி செத்துக் கிடக்கிறான்.

இது 2011இல் வந்த கேம். சதுரங்கத்தில் உலக சம்பியன் காஸ்பரோவை ஒரு கணினி தோற்கடித்து அப்போது 14 வருடங்கள் ஆகிவிட்டன. அப்படியிருக்க, ஒரு கொள்ளைக்காரனுக்குத் தன் உடம்பில் குத்தியிருக்கும் அம்பு ஏன் தெரியவில்லை? பதிலில் ஒரு பெரிய பங்கு கனடாவில்தான் இருக்கிறது.

ஒரே நகரம், இரண்டு கதைகள்

அல்பேர்ட்டா மாகாணத்தின் எட்மன்டன் நகரம். அங்குள்ள அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1989இல் பேராசிரியர் ஜோனதன் ஷேஃபர் 'சினூக்' என்ற நிரலைத் தொடங்கினார். அது செக்கர்ஸ் விளையாடும். உலக சம்பியனாக இருந்த மரியன் டின்ஸ்லி 1992இல் அதைத் தோற்கடித்தார். 1994இல் மறுபடியும் மோதினார்கள். ஆறு ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. அதன்பின் டின்ஸ்லி உடல்நலக் குறைவால் விலகினார், பட்டம் சினூக்குக்குப் போனது. இரண்டு பேரும் பிழையே விடாமல் விளையாடினால் செக்கர்ஸ் சமநிலையில்தான் முடியும் என்று 2007இல் ஷேஃபர் குழு நிரூபித்தது.

அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த ரே முசிகா, கிரெக் செஸ்சக், ஒகஸ்டின் யிப் என்ற மூன்று வைத்தியர்கள் 1995இல் எட்மன்டனில் பயோவேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1998இல் அவர்களுடைய 'போல்டர்ஸ் கேட்' வந்தது. கணினி ஆர்பிஜியை மறுபடி உயிர்ப்பித்த கேம் என்று இன்றும் சொல்வார்கள். கதை அருமை, உலகம் அருமை. எதிரிகள்தான் அப்பாவிகள்!

பார்வைக்கு எட்டாத தூரத்தில் நின்று நீங்கள் நச்சுப் புகை மந்திரத்தை வீசினால், எதிரிகள் அந்தப் புகைக்குள்ளேயே நின்று சாவார்கள். வேகமாக ஓடும் ஒருவரிடம் வில்லைக் கொடுத்தால், மெதுவாக நடக்கும் எதிரி சாகும்வரை அவர் பின்னாலேயே வருவான். ஒடுக்கமான வாசலில் ஒருவரை நிறுத்தினால் மற்ற எதிரிகள் வெளியே முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள்.

ஒரே நகரத்தில் பிறந்த இரண்டு நிரல்களுக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

காரணம் ஒன்று: பிரச்சினை வேறு

செக்கர்ஸில் 32 கட்டங்கள்தான். ஒருவர் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். அப்படியிருந்தும் அதில் வரக்கூடிய நிலைகள் சுமார் 5க்குப் பின்னால் 20 பூச்சியம் போட்ட எண்ணிக்கை. ஆர்பிஜியில் கட்டமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. உங்கள் பக்கம் ஆறு பேர், எதிரே ஒரு கூட்டம், கையில் எத்தனையோ மந்திரங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும், 90களின் கணினியில். அதனால் எதிரிக்குச் சின்னச் சின்ன விதிகளை மட்டும் எழுதினார்கள்: 'ஆளைக் கண்டால் தாக்கு', 'கிட்ட வந்தால் வாளை எடு'. நான் என் வேலையில் கணக்கு மென்பொருளுக்கு எழுதும் 'இப்படியானால் அப்படிச் செய்' விதிகளும் இதே இனம்தான். எழுதாத நிலைமை வந்தால் இரண்டும் பேசாமல் நிற்கும்.

காரணம் இரண்டு: பணம் படத்துக்குப் போனது

யூனியன்வில்லில் இருந்து ஹைவே 7இல் மேற்கே போனால் கொமர்ஸ் வலி பகுதியில் ஏஎம்டி கட்டடம் வரும். அது முன்பு ஏடிஐ. 1985இல் தொடங்கி, நம் மார்க்கத்தில் வளர்ந்த கிராஃபிக்ஸ் சிப் நிறுவனம். 2006இல் ஏஎம்டி அதை வாங்கியது. ரேடியான் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஒவ்வொரு வருடமும் நீர் இன்னும் நீராகத் தெரிந்தது, கவசம் இன்னும் மின்னியது. கேம் பெட்டியின் பின்பக்கத்தில் அழகான காட்டைப் படமாகப் போடலாம். புத்திசாலி எதிரியை எப்படிப் படம் பிடிப்பது?

காரணம் மூன்று: வேண்டுமென்றே

இதுதான் முக்கியமானது. எவர்க்வெஸ்ட் (1999), வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் (2004) போன்ற கேம்களில் எதிரி யாரை அடிப்பான்? தன்னை அதிகம் சீண்டியவரை. அதற்கென்றே இரும்புக் கவசம் போட்ட 'டாங்க்' ஒருவர் முன்னால் நிற்பார். கொஞ்சமாவது யோசிக்கும் எதிரி, பின்னால் நின்று காயம் ஆற்றுபவரைத்தான் முதலில் வீழ்த்துவான். ஆனால் அப்படிச் செய்தால் அந்த விளையாட்டே நடக்காது. எதிரி ஏமாறுவான் என்ற ஒப்பந்தத்தின் மேல்தான் அது கட்டப்பட்டிருக்கிறது.

இயந்திரத்தின் வேகம் மட்டும் குறையில்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர் பீட்டர் ஸ்ப்ரொங்க், பயோவேரின் 'நெவர்விண்டர் நைட்ஸ்' கேமிலேயே தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ளும் எதிரிகளைச் செய்து காட்டினார். 'சோர்ட் கோஸ்ட் ஸ்ட்ராட்டஜெம்ஸ்' என்ற ரசிகர் தயாரிப்பு, போல்டர்ஸ் கேட்டின் அதே பழைய விதிமொழியில் எதிரிகளைத் திருத்தி எழுதியது. மந்திரவாதிகள் முதலில் தங்களுக்குப் பாதுகாப்புப் போட்டுக்கொண்டார்கள். காயப்பட்டவர்கள் மருந்து குடித்தார்கள். முடியாது என்றிருந்தது முடிந்தது. யாரோ ஒருவர் எதிரியின் இடத்தில் உட்கார்ந்து யோசித்தார், அவ்வளவுதான்.

ஆட்டுக்குட்டிகளின் பாடம்

ஊரில் பெரியவர்களிடம் ஆடு புலி ஆட்டம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு. தனி ஆடு புலிக்கு இரை. ஆனால் ஆடுகள் ஒன்றுக்கொன்று முதுகு கொடுத்து நின்றால் புலிக்கு அசையவே இடமில்லை. ஆர்பிஜி எதிரிகள் ஒருவரை ஒருவர் தெரியாத 15 ஆடுகள். 2023இல் வந்த போல்டர்ஸ் கேட் 3இல், மலை விளிம்பில் நின்றால் எதிரி உங்களைப் பள்ளத்தில் தள்ளிவிடுவான். விழுந்தவர்கள் திட்டினார்கள். ஆனால் அந்தச் சண்டையைத்தான் நண்பர்களிடம் சொன்னார்கள்.

கேம் விளையாடினால் கெட்டுப்போவோம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் அம்மா அப்பாமார் போரிலிருந்து வந்தவர்கள். நம் வீடுகளில் 'எதிரி' என்பது இலேசான சொல் இல்லை. எதிரே நிற்பவனுக்குப் பயம் இல்லை, திட்டம் இல்லை, கூட்டாளி செத்தால் கவலையும் இல்லை என்று ஆயிரம் தடவை பழகுவது ஒரு சோம்பேறித்தனம். கம்பன் அந்தச் சோம்பேறித்தனத்தைச் செய்யவில்லை. அவனுடைய கும்பகர்ணன் அண்ணன் செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். பிறகு அண்ணனுக்காகவே போய்ச் சாகிறான். எதிரி அணியில் நிற்கும் அவனுக்காக நாம் கலங்குகிறோம்.

உங்களில் சிலர் நாளை கேம் எழுதப் போகிறீர்கள். பெரிய செயற்கை நுண்ணறிவெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் இந்த ஒரு விதியை எழுதுங்கள்: பக்கத்தில் இருப்பவன் விழுந்தால், அவனைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கு, மற்றவர்களிடம் போய்ச் சொல்.