காற்றை அளந்த கைகள்

தமிழர் தூசியை ஓர் அளவுகோலாகவே கொண்டிருந்தனர் என்பது மாணவர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், ஆடலரங்கை அளக்கும் கோலைப் பற்றிக் கூறுமிடத்து, ஒரு வாய்பாட்டைத் தருகின்றார். அணு எட்டுக் கொண்டது ஒரு தேர்த்துகள். தேர்த்துகள் எட்டு ஓர் இம்மி. இம்மி எட்டு ஓர் எள். எள் எட்டு ஒரு நெல். நெல் எட்டு ஒரு பெருவிரல். தேரோடும் தெருவில் எழுந்து பறக்கும் புழுதியே தேர்த்துகள். பெருவிரலின் அகலம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் என்று கொண்டால், தேர்த்துகள் அதில் 4,096இல் ஒரு பங்காகும். அதாவது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஐந்து கூறு. இக்கால விஞ்ஞானம், மூச்சோடு புகுந்து நுரையீரலின் உள்ளறைகளை அடைவது என்று அஞ்சும் நுண்துகளோ, அத்தகைய கூறுகளில் இரண்டரையும் அதற்குக் குறைந்ததும் ஆகும். இவ்வொற்றுமையைக் கொண்டு, முன்னோர் இவ்விஞ்ஞானம் முழுவதையும் அறிந்திருந்தனர் என முடிவு கட்டுதல் பொருந்தாது. அவர்கள் துகளால் அரங்கை அளந்தனர். நாம் துகளையே அளக்க வேண்டியவர்களாயினோம். அவ்வேலையில் எளிய மனிதரின் கைகளுக்கு இருந்த பங்கினையே இன்று கூற விரும்புகின்றேன்.

இருண்ட அறையுள் ஒரு துளை வழியே வெயில் விழும்போது, அக்கதிரில் தூசி மிதப்பதைக் காணாதார் யார்? தூசி கதிரொளியை நாற்புறமும் சிதறச் செய்வதாலேயே அது நம் கண்ணுக்குப் புலனாகின்றது. 1860ஆம் ஆண்டுகளின் இறுதியில் இலண்டன் மாநகரில் ஜான் டிண்டால் என்னும் அறிஞர் இதனை முறையாக ஆராய்ந்தார். தூசி நீங்கிய காற்றினூடே ஒளி செல்லும்போது அதன் பாதையே தெரிவதில்லை என்பதையும் சோதித்துக் காட்டினார்.

காண்பது வேறு, எண்ணுவது வேறு. எண்ணும் வழியைக் கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜான் எய்ட்கன். பொறியியல் பயின்ற இவர், உடல்நலக் குறைவால் தொழிலை விட்டு, பால்கர்க் நகரில் தம் இல்லத்திலேயே பட்டறை அமைத்துக் கருவிகளைத் தம் கையாலேயே செய்து வந்தார். ஈரக்காற்றைத் திடீரென விரியச் செய்தால் அது குளிரும். குளிர்ந்த காற்றில் ஒவ்வொரு தூசியின் மீதும் ஒரு நீர்த்துளி தோன்றும். அத்துளிகள் கோடிட்ட சிறு தகட்டின் மீது விழ, அவற்றை உருப்பெருக்கியால் எண்ணினார். 1888ஆம் ஆண்டளவில் உலகில் முதன்முதலாகத் தூசியின் தொகை இவ்வாறு அறியப்பட்டது. பேருந்து அளவு வளர்ந்த பிற்கால ஆராய்ச்சிச் சாலைகளுக்கெல்லாம் வித்து, ஒரு வீட்டுப் பட்டறையில் விழுந்தது என்பது மாணவர்க்கு ஊக்கம் தரும் செய்தியன்றோ?

காற்றை அளப்பது அறிஞரின் பொழுதுபோக்கன்று, உயிர் காக்கும் கடமை என்பதை உலகுக்கு உணர்த்தியது 1952ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். 5ஆம் நாள் முதல் 9ஆம் நாள் வரை இலண்டனை நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து மூடின. சுமார் 4,000 பேர் மாண்டனர் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர் அத்தொகையை 12,000 வரை உயர்த்திக் கூறுவர். 1956இல் அந்நாட்டில் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. இந்தியாவிலும் 1981இல் காற்று மாசு தடுப்புச் சட்டம் இயற்றப்பெற்றது.

சட்டம் வந்தது, எனினும் ஒவ்வோர் ஊரிலும் அளக்கும் கருவியை வைத்தல் எந்த அரசுக்கும் எளிதன்று. கருவி இல்லாத ஊரில் வாழ்வோர், "நாற்றம் தாங்கவில்லை, மூச்சு முட்டுகின்றது" என்று முறையிட்டால், "சான்று எங்கே?" என்ற கேள்வியே மறுமொழியாக வரும். இந்நிலையை நம் தமிழகத்துக் கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த சிற்றூர் மக்கள் நன்கு அறிவர். அவர்கள் 2004இல் மேற்கொண்ட முயற்சி வரலாற்றில் இடம்பெறத் தக்கது.

அவர்களது கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியினுள் தனிவகைப் பை ஒன்று இருக்கும். மூடியை இறுக்கி, பைக்கும் வாளிக்கும் இடையிலுள்ள காற்றை உறிஞ்சி அகற்றினால், வெளிக்காற்று தானே பைக்குள் புகும். அப்பையை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால், காற்றில் கலந்த இரசாயனங்களைப் பிரித்தறியலாம். 1995இல் கலிபோர்னியாவில் எட்வர்டு மேஸ்ரி என்னும் வழக்கறிஞர் ஏற்பாட்டால் உருவான முறை இது. கடலூர் மக்கள் இதனைக் கற்றதோடு, எந்நாள், எந்நேரம், எத்தகைய நாற்றம், காற்று எத்திசையிலிருந்து வீசியது என்பனவற்றையும் குறித்து வந்தனர். அவர்கள் பிடித்த காற்றில் 22 நச்சு இரசாயனங்கள் இருந்தமை தெரியவந்தது; புற்றுநோய் விளைவிப்பனவும் அவற்றுள் அடங்கும். மூக்கின் முறையீடு எண்ணாக மாறிய பின்னர், அதனைத் தள்ளுதல் எளிதாக இல்லை. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமும் பின்னர் அப்பகுதியின் காற்றை ஆராய்ந்தது.

இன்றோ டிண்டாலின் ஒளிக்கதிர் ஒரு தீப்பெட்டியினும் சற்றே பெரிய பெட்டிக்குள் அடங்கிவிட்டது. சிறு விசிறி காற்றை உள்ளிழுக்கின்றது. லேசர் கதிர் அதனூடே பாய்கின்றது. துகள் சிதறும் ஒளியை ஒளியுணர் கருவி மின்சாரமாக்குகின்றது. அதனைச் சில்லு ஒன்று கணக்கிட்டு, ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் என்று காட்டுகின்றது. இப்பெட்டி, சில்லு, எண் காட்டும் பலகை ஆகியவற்றை வாங்கி வீட்டிலேயே இணைக்கச் சில ஆயிரம் ரூபாய் போதும்.

செங்கற்பட்டு மாவட்டத்துப் படூரில் ஒரு மாணவர் இதனைச் செய்வதாகக் கொள்வோம். ஒருபுறம் வண்டிகள் ஓயாத பழைய மாமல்லபுரம் சாலை. கிழக்கே உப்பங்கழியும், அதற்கப்பால் கோவளக் கடலும். சாலைப் பக்கச் சன்னலிலும் கழிப்பக்கத்திலும் மாறி மாறி வைத்தால் வேறுபாடு விளங்கும். போகி நாளின் விடியற்காலைப் புகையை எண்ணாகக் காணலாம். ஆனால் எச்சரிக்கை வேண்டும். கடலோரத்து ஈரக்காற்றில் துகள்கள் நீரை ஏற்றுப் பருப்பதால், கருவி உள்ளதை மிகைத்துக் காட்டும். ஆகவே ஈரப்பதத்தையும் உடன் குறித்தல் வேண்டும். இயன்றபோது அரசு நிலையத்துக் கருவியின் அருகே சில நாள் வைத்து ஒப்பிடுதல் வேண்டும். மேலும், இது துகளை அளப்பதேயன்றி, கடலூரில் பிடித்த நச்சு வாயுக்களை அளப்பதன்று. ஒரு கணத்து எண்ணைக் கண்டு கலங்குதலும் கூடாது. 24 மணி நேரச் சராசரியே கருதத் தக்கது. அதற்கு இந்திய அரசு 2009இல் வகுத்த எல்லை 60 மைக்ரோகிராம், உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது 15.

எய்ட்கனுக்குப் பட்டறையும், கடலூர் மக்களுக்கு வாளியும் போதுமாயிருந்தன. அவர்களது உண்மையான முதலீடு பொறுமையும், நாள் தவறாது எழுதிய குறிப்பேடுமே. கருவி விலைக்குக் கிடைக்கும். குறிப்பேட்டை நாமே எழுத வேண்டும். தாம் சுவாசிக்கும் காற்று எத்தகையது என்று அறியும் உரிமை, அதனைச் சுவாசிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவ்வுரிமையை நேர்மையாக அளந்து நிலைநாட்டுதல் இளைஞர் கடனாகும்.