ஆறாத கூழ்

சங்க இலக்கியத்தில் கள் என்றவுடன் நமக்குப் பனையும் தென்னையுமே நினைவுக்கு வருகின்றன. அரிசியிலிருந்து வீட்டிலேயே ஆக்கிய மதுவும் அங்கே இருக்கிறது. வகுப்பில் அதை ஒரு சொற்பொருளாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். தோப்பி என்றால் நெல்லால் செய்த கள். தேர்வுக்கு அது போதும். பல ஆண்டுகளாக நானும் அப்படித்தான் கடந்துவந்தேன். கட்டுமாவடியில் ஒரு பானைக் கூழ் கெட்டுப்போன பிறகுதான், நான் பாடம் நடத்திய பாட்டை நானே சரியாக வாசித்திருக்கவில்லை என்பது தெரிந்தது.

பாட்டு பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிகள். பரிசில் பெற்று வரும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழியில் எந்தக் குடியிருப்பில் என்ன உணவு கிடைக்கும் என்பது அதில் முக்கியமான செய்தி. வலைஞர் குடியிருப்பில் சுட்ட மீனும் அதனோடு ஒரு மதுவும் கிடைக்கும். புலவர் மதுவின் பெயரைச் சொல்லி நிறுத்தவில்லை. அதை ஆக்கும் முறையையே சில அடிகளில் சொல்லிவிடுகிறார்.

குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். அதை வாய் அகன்ற 'பிழா'வில் இட்டு ஆற்ற வேண்டும். பிறகு 'நல்லடை'யைக் கலக்க வேண்டும். இந்த நல்லடை, பாம்பு வாழும் புற்றினுள் இருக்கும் குரும்பியைப் போலிருக்குமாம். இனிமை பிறந்தபின் சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட வேண்டும். கடைசியில் வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அவ்வுரை நல்லடை என்பதை முளை என்று கொள்கிறது. முளைவிட்ட தானியத்தை இடித்துக் கலப்பதுதான் செய்தி.

இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பனஞ்சாற்றில் சர்க்கரை முன்பே உண்டு. கலயத்தில் வடிந்தவுடன் அது தானாகப் புளிக்கத் தொடங்கும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. நுரைமம், அதாவது ஈஸ்ட், மாவுச்சத்தை நேரடியாகத் தின்னாது. முதலில் மாவு சர்க்கரையாக மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி, தானியம் முளைவிடும்போது அதனுள்ளேயே பெருகுகிறது. 1833இல் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து அந்த நொதியைப் பிரித்து டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். முளைத் தானியத்தால் மாவை இனிப்பாக்கிப் புளிக்கவிடும் மதுவுக்கு இன்று உலகம் வழங்கும் பெயர் பியர். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நாம் நினைத்திருக்கும் அப்பொருளின் அடிப்படை முறை, வலைஞர் வீட்டுச் சாடியில் இருந்திருக்கிறது.

இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். ஒரு வரம்பையும் முன்பே வகுத்துக்கொண்டேன். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் மது ஆக்குவது குற்றம். ஆகவே பாட்டில் 'இனிமை பிறந்தபின்' என்னும் இடம் வரைக்கும்தான் போவது, சாடியை மூடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

என் தங்கையைக் கொடுத்திருக்கும் ஊர் கட்டுமாவடி. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடகோடி. தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். கிழக்கே மீன் ஏலம், மேற்கே கடைமடை வயல்கள். விதைநெல் கிடைப்பதில் சிரமம் இல்லை. நாற்றங்காலுக்குச் செய்வதுபோல ஒரு நாள் ஊறவைத்து ஈரச்சாக்கில் மூட்டம் போட்டேன். நான்காம் நாள் சாக்கைப் பிரித்தால் நெல் உதிரவில்லை. வேர்கள் ஒன்றோடொன்று பின்னி வெளுத்த அடையாக எழுந்து வந்தது. புற்றை வெட்டும்போது கிடைக்கும் புற்றாஞ்சோற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அச்சு அசல் அதேதான். வெறும் அலங்காரம் என்று நான் சொல்லிக்கொடுத்த உவமை, முளை எந்தப் பதத்துக்கு வர வேண்டும் என்பதைச் சொல்லும் அடையாளமாகவும் நின்றது.

அந்த மகிழ்ச்சியில் அவசரப்பட்டேன். முளையைக் காயவைத்து இடித்து, தீட்டாத அரிசிக் கூழ் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டிக் கிளறினேன். மாலைவரை காத்திருந்தும் இனிப்பு வரவில்லை. பசையாக இறுகிக் கிடந்தது. மறுநாள் காலையில் புளித்த நாற்றம்.

பக்கத்து வீட்டு ஆத்தா எட்டிப் பார்த்தார். எழுபது வயதைத் தாண்டியவர். கூடை சுமந்து மீன் விற்றவர்.

"என்ன தம்பி, சுவரொட்டிப் பசை காச்சுறியளா?"

விவரம் சொன்னேன். மதுவென்று சொல்லவில்லை, முளைமாவுக் கூழ் என்று மட்டும் சொன்னேன்.

"கொதிக்கிற கூழுல முளைமாவைக் கொட்டுனா அது செத்துப் போகாதா? கை பொறுக்குற சூட்டுக்கு ஆறவிட்டுல்ல போடணும். பிள்ளைகளுக்குக் கேப்பை முளைமாவு அப்படித்தானே போடுவோம். கூழு தன்னால இளகிக்கிரும்."

நொதி கொதிசூட்டில் அழிந்துவிடும் என்பதை அவர் 'செத்துப் போகும்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டார். மறுமுறை கூழை அகன்ற அண்டாவில் பரப்பி, விரலை வைத்துப் பார்த்து, ஆறியபின் மாவைக் கலந்தேன். ஒரு மணி நேரத்தில் கரண்டி நின்ற கூழ் சரிந்து ஓடியது. மாலையில் நாக்கில் தெளிவான இனிப்பு. அங்கே நிறுத்திக்கொண்டேன். தங்கை பிள்ளைகள் ஆளுக்கொரு குவளை குடித்தார்கள்.

அன்றிரவு பாட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வாய் அகன்ற பாத்திரம், ஆற்றுதல், அதன் பிறகே முளை. வரிசை மாறாமல் அங்கே இருக்கிறது. பாத்திரத்தின் வாய் ஏன் அகன்றிருக்க வேண்டும் என்று நான் ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை, மாணவர்களும் கேட்டதில்லை. அகன்ற வாய் இல்லாவிட்டால் களி விரைவில் ஆறாது. ஆறாவிட்டால் முளையும் வேலை செய்யாது, நுரைமமும் பிழைக்காது. அடைமொழி என்று நான் கடந்துபோனது செய்முறையின் நடுநாயகமான படி.

பாட்டிலிருந்து மதுவைச் செய்து பார்த்தவர்கள் வேறு நாட்டிலும் உண்டு. சுமேரியர்களின் மதுத் தெய்வமான நின்காசியைப் போற்றும் பாடல், சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் பலகைகளில் கிடைத்தது. மிகேல் சிவில் 1964இல் அதை மொழிபெயர்த்தார். 1989இல் சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் நிறுவனம் அப்பாடலைப் பின்பற்றி மது ஆக்கியது. நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதுகூட இல்லை. நாகாலாந்தில் 'ஸூத்தோ' என்னும் அரிசி மதுவுக்கு இன்றும் முளைவிட்ட நெல்லின் மாவைத்தான் சேர்க்கிறார்கள், களியை ஆறவிட்ட பிறகு. தொடர்பு உண்டு என்று சொல்ல வரவில்லை. அரிசியும் முளையும் எங்கே சந்தித்தாலும் அதே ஒழுங்கைக் கேட்கின்றன என்கிறேன்.

மதுவை நம் காலம் சட்டத்தின் வழியாகவே அறிந்திருக்கிறது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்தது, 1983இல் பிறந்த டாஸ்மாக், 1987 முதல் கள்ளுக்குத் தடை என்று நீளும் கதை அது. குடியால் ஆண்களைத் தொலைத்த வீடுகளை நான் நேரில் அறிவேன். சட்டத்தைத் தளர்த்தச் சொல்லும் கட்டுரை இதுவன்று. என் கவலை ஆசிரியனின் கவலை. மதுவைப் பற்றிய வெட்கத்திலோ பெருமிதத்திலோ அந்த அடிகளை வேகமாகக் கடக்கிறோம். அவற்றுக்குள் இருக்கும் கைவினை அறிவு கண்ணில் படுவதில்லை. அந்த அறிவில் பாதி இன்னும் சாகவில்லை. குழந்தைக் கூழில் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் பத்துப்பாட்டைப் படித்தவர் அல்லர்.

இவ்வாண்டு அப்பகுதியை நடத்தும்போது, பிழா என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிப்போடாமல் ஒரு கேள்வியோடு தொடங்கினேன். கூழ் ஏன் ஆற வேண்டும்? வகுப்பு சற்று நேரம் பேசாமல் இருந்தது. பின்வரிசையில் ஒரு மாணவி, தன் அம்மாவைக் கேட்டு வருவதாகச் சொன்னாள்.