வலிக்கிற இடம் ஒன்று, காரணம் இன்னொன்று

பி.காம் படிக்கிறவனுக்குக் கழுத்துத் தசையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு வகையில் கணக்கு வழக்குதான்.

கண்ணாடி முன் நின்று தலையை வலது பக்கம் திருப்புங்கள். இடது பக்கம் கயிறு மாதிரி ஒன்று புடைக்கிறதா? அதன் பெயர் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட். மார்பெலும்பில் ஒரு கால், காறையெலும்பில் ஒரு கால் ஊன்றி, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டில் போய் முடிகிறது. பெயரே அந்த மூன்று எலும்புகளின் முகவரிதான்!

1938-ல் லண்டனில் கெல்கிரென் என்ற மருத்துவர், ஆரோக்கியமானவர்களின் தசைகளில் அடர்த்தியான உப்பு நீரை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். பல சமயம் குத்திய இடத்தை விட்டுத் தள்ளி வேறெங்கோ வலித்தது. ஒரு கணக்கின் பற்றை இன்னொரு பேரேட்டில் எழுதி வைத்த மாதிரி.

அமெரிக்காவில் ஜேனட் டிராவெல் இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1955-லிருந்து கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தவர், 1961-ல் வெள்ளை மாளிகை மருத்துவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். கென்னடியின் ஆடும் நாற்காலியும் அவர் யோசனையே. அவருடன் சேர்ந்த டேவிட் சைமன்ஸ் இன்னும் சுவாரசியமான ஆள். 1957-ல் பலூனில் ஏறி சுமார் 30 கிலோமீட்டர் உயரம் போய் வந்தவர்!

இருவரும் சேர்ந்து 1983-ல் வெளியிட்ட கையேட்டில் நம் கழுத்துத் தசைக்கும் வலி வரைபடம் உண்டு. மார்பெலும்புக் காலில் முடிச்சு விழுந்தால் கன்னம், புருவம், உச்சந்தலை வலிக்குமாம். காறையெலும்புக் காலில் என்றால் நெற்றி, காது, கூடவே தலைசுற்றல். நெற்றிவலி எதிர்ப்பக்கத்துக்குக்கூடத் தாண்டுமாம். கழுத்து மட்டும் அப்பாவியாக இருக்கும். இது உண்மையானால், தைலத்தை நெற்றியில் தேய்க்கும் எத்தனை பேர் தவறான இடத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்?

ஆனால் எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வலி வேறிடத்தில் தெரியும் என்பதில் சண்டை கிடையாது. விரலால் தொட்டு உணரும் 'முடிச்சு'தான் காரணமா என்பதில்தான் சண்டை. 1992-ல் இத்துறை நிபுணர்களையே வைத்து, யாருக்கு என்ன நோய் என்று சொல்லாமல் சோதித்தார்கள். ஒருவர் விரலுக்குத் தென்பட்டது இன்னொருவர் விரலுக்குத் தென்படவில்லை. எனக்கென்னவோ, வரைபடத்தை நம்பலாம், முடிச்சுக் கதைக்கு இன்னும் ரசீது வேண்டும் என்று தோன்றுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் கழுத்தை அழுத்திப் பார்க்க வேண்டாம். அந்தத் தசைக்கு அடியில்தான் மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் கரோட்டிட் தமனி ஓடுகிறது.