பறக்கக் கூடாத சக்கரம்

மோட்டார் எஞ்சினின் பின்புறத்தில் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதற்குப் 'பிளைவீல்' என்று பெயர் வைத்தார்கள். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'பறக்கும் சக்கரம்' என்றாகும். இதைவிடப் பொருத்தமில்லாத பெயரை யாராலும் வைத்திருக்க முடியாது. ஏனென்றால் அந்தச் சக்கரம் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டென்றால், அது பறப்பதுதான்! அது பறந்துவிடாமல் காவல் காப்பவை ஆறு அல்லது எட்டுப் போல்ட்டுகள். நாம் எழுதும் சரித்திரங்களில் அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் இடம் கொடுக்கிறோம். காவல்காரர்களை மறந்துவிடுகிறோம். இன்று அந்தக் காவல்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

இந்தச் சக்கரத்துக்குப் பாட்டன் நம் குயவருடைய திகிரி. குயவர் கோலால் அதைச் சுற்றிவிட்டுக் கையை எடுத்த பிறகும் அது தன் கனத்தால் சுழன்றுகொண்டே இருக்கிறது அல்லவா? அந்தக் குணத்தைத்தான் யந்திர யுகம் கடன் வாங்கிற்று. நீராவி எஞ்சினின் தண்டு முன்னும் பின்னுமாகத்தான் அசையும். அந்த அசைவைச் சுழற்சியாக்கி ஆலைகளை ஓட்டவேண்டும் என்று 1780-களில் ஜேம்ஸ் வாட் பாடுபட்டபோது, தண்டு தள்ளாத நேரத்திலும் யந்திரம் நில்லாமல் ஓடுவதற்கு ஒரு பெரிய சக்கரம் தேவைப்பட்டது. எஞ்சின் விட்டுவிட்டு உழைக்கிறது. சக்கரம் அந்த உழைப்பை வாங்கி வைத்துக்கொண்டு சீராகச் செலவு செய்கிறது. வீட்டிலே சம்பளம் மாதம் ஒருமுறை வந்தாலும் அடுப்பு தினமும் எரிகிறதே, அந்த மாதிரி.

கொங்கு நாட்டாருக்கு இந்தச் சக்கரம் புதியதல்ல. தோட்டத்துக் கிணற்று மேட்டில் 'டக், டக்' என்று ஓடிய ஆயில் எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு பக்கமும் ஆளுயரத்தில் பாதி நிற்குமே, அவைதாம் பிளைவீல்கள். திருப்பூரில் 1925-ஆம் வருஷம் பனியன் பின்னத் தொடங்கியபோது யந்திரங்களைச் சுற்றியது மனிதனுடைய கை. 1932-இல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகிக் கொங்கு நாட்டுக்கு வந்த பிறகே அந்தக் கைக்கு ஓய்வு கிடைத்தது.

பழைய ஆயில் எஞ்சினில் சக்கரத்தைத் தண்டோடு சேர்த்துப் பிடித்தது ஓர் இரும்பு ஆப்பு. அது தளர்ந்தால் சக்கரம் ஆடுவது கண்ணுக்கே தெரியும். சம்மட்டி எடுத்து நாலு அடி அடித்தால் தீர்ந்தது. மோட்டார் காரில் இந்த வசதி இல்லை. பிளைவீல் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, ஒரு கூட்டுக்குள் மறைந்திருக்கிறது. 1908-இல் வந்த போர்டு 'மாடல் டி' காரில் பதினாறு காந்தங்களையும் இந்தச் சக்கரத்திலேயே பொருத்தி, தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை அதிலிருந்தே எடுத்தார்கள். பிளைவீலுக்கு அவ்வளவு வேலை! ஆனால் அதைப் பார்க்கவேண்டுமென்றால் பாதி வண்டியை அவிழ்க்கவேண்டும்.

அவிழ்ப்பதற்கு அஞ்சாத ஒருவர் நம் பக்கத்தில் இருந்தார். கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, வாலிபத்தில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. அக்கக்காகக் கழற்றி, மறுபடி பூட்டிப் பார்த்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர் அவர்தாம். கோயமுத்தூர் வட்டாரத்து மெக்கானிக்குகளின் பரம்பரை அந்த மோட்டார் சைக்கிளிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் தப்பில்லை.

பிறகு வேகத்தின் காலம் வந்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்காகச் சென்னைக்கு அருகே சோழவரத்தில் போட்ட விமானத் தளத்தில், யுத்தம் முடிந்த பின் கார்கள் பந்தயம் ஓடின. கோயமுத்தூரின் கரிவர்த்தன், 796 சி.சி. மாருதி எஞ்சினை வைத்தே பந்தயக் காரை வடிவமைத்தார். 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்று அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த ஆசை இப்போது வீதிக்கும் வந்துவிட்டது. திருப்பூர் ராயபுரம் போன்ற பனியன் கம்பெனிப் பேட்டைகளில், தகப்பனார் ஏற்றுமதிக் கணக்குப் பார்க்கும் நேரத்தில், பிள்ளை கையால் கியர் மாற்றும் வேகக் கார் வைத்திருக்கிறான். எஞ்சின் இன்னும் சுறுசுறுப்பாக எகிறவேண்டும் என்று பிளைவீலைக் கடைந்து எடையைக் குறைக்கிறான். முன்பக்கத்துக் கனத்த புல்லியை எடுத்துவிட்டு லேசான அலுமினியப் புல்லி மாட்டுகிறான்.

தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் அடியில் 'கட, கட' என்று ஒரு தட்டல். பேரிங் போய்விட்டது என்று எஞ்சினைப் பிரித்துப் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. கிளட்ச்சை மிதித்தால் அந்தச் சத்தம் மாறுகிறதா என்று கவனித்திருந்தால் சந்தேகம் வேறு பக்கம் போயிருக்கும். கடைசியில் கியர் பெட்டியை இறக்கிப் பார்த்தால் பிளைவீல் போல்ட்டுகள் தளர்ந்து நிற்கின்றன. "இன்னொரு முடுக்கு முடுக்கிட்டாப் போதுமுங்க" என்கிறார் மெக்கானிக். முடுக்குகிறார். மூன்று மாதம் கழித்து அதே வண்டி, அதே சத்தம். இந்தத் தடவை, ஸ்பேனர் பிடித்த பையனுக்குத் திட்டு விழுகிறது.

பையன் மீது குற்றமில்லை என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் திருகுகளின் புரிக்கு ஒரே அளவு வகுக்கவேண்டும் என்று எடுத்துரைத்தார். அதற்கு முன் பட்டறைக்கு ஒரு புரி. ஓர் ஊர்ப் போல்ட் இன்னோர் ஊர் நட்டில் ஏறாது. அளவு ஒன்றான பிறகும் ஒரு புதிர் பாக்கியிருந்தது. சரியாக முடுக்கிய போல்ட் ஏன் தானாகக் கழல்கிறது?

முதலில், போல்ட் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முடுக்கும்போது அது ரப்பரைப்போல் மயிரிழை நீளுகிறது. நீண்டது சுருங்கப் பார்ப்பதால் பிளைவீலை கிராங்க்கோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் இரு முகங்களுக்கும் நடுவே உண்டாகும் உராய்வுதான் எஞ்சினின் பலத்தையெல்லாம் தாங்குகிறது. நாம் முடுக்கச் செலவிடும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கப் பயன்படுகிறது. மீதி, தலைக்கு அடியிலும் புரியிலும் உராய்வதிலேயே போய்விடும். ஆகவே கைக்கு இறுக்கமாகத் தெரிவது, உள்ளே இறுக்கம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

1969-இல் கெர்ஹார்ட் ஜங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதைச் சோதனை செய்து காட்டினார். போல்ட்டை அதன் நீளவாக்கில் எவ்வளவு ஆட்டினாலும் அது எளிதில் கழல்வதில்லை. அது பிடித்திருக்கும் இரு முகங்களும் பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்கினால் போதும். ஒவ்வொரு வழுக்கலுக்கும் ஒரு நூலளவு அவிழ்ந்து, சிறிது நேரத்தில் முழுக்கத் தளர்ந்துவிடும். அதாவது, போல்ட் கழன்றதால் சக்கரம் ஆடவில்லை. சக்கரம் வழுக்கியதால் போல்ட் கழன்றது!

ஏன் வழுக்குகிறது? நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும்போது, விநாடிக்கு 200 அடிகள் கிராங்க்கின் மேல் விழுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் அந்த இரும்புத் தண்டு முறுகித் திரும்புகிறது. நூற்றாண்டுக்கு முன் ஆறு சிலிண்டர் கார்களில் இந்த முறுக்கத்தால் தண்டுகளே ஒடிந்தன. 1910 வாக்கில் பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர், தண்டின் முன்முனையில் அதிர்வை விழுங்கும் சிறு சக்கரம் ஒன்றை வைத்து அதைத் தணித்தார். நம் ராயபுரத்துப் பிள்ளை 'அநாவசியக் கனம்' என்று கழற்றி எறிந்தானே, ரப்பர் வைத்த புல்லி, அது லான்செஸ்டருடைய சக்கரத்தின் வாரிசுதான்.

வழுக்கலுக்கு வேறு காரணங்களும் உண்டு. முகங்களுக்கு நடுவே பெயிண்டோ துருவோ பிசிறோ இருந்தால், சூட்டில் அது நசுங்கிப் பிடி தளரும். நீளம் அதிகமான போல்ட், குழியின் அடியில் முட்டிக்கொண்டு இறுகியதுபோல் பாசாங்கு செய்யும். பல எஞ்சின்களில் போல்ட் துளை உள்ளே எண்ணெய் இருக்கும் இடம் வரை போகிறது. எண்ணெய் கசிந்து வந்து புரியில் படியும். 1953-இல் அமெரிக்க ரசாயனப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள், காற்றில்லாத இடத்தில் மட்டும் கெட்டியாகும் ஒரு திரவத்தை உருவாக்கினார். இன்று 'லாக்டைட்' என்று பட்டறைகளில் விற்பது அதுதான். அருமையான சரக்கு, ஆனால் எண்ணெய்ப் புரியில் அதைப் பூசுவது ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடிப்பதுபோல.

ஆக, மூன்றாம் தடவை கழன்ற வண்டிக்கு வைத்தியம் இதுதான். கிராங்க்கின் முகத்தையும் பிளைவீலின் முகத்தையும் பளிச்சென்று துடைத்து, டயல் கேஜ் வைத்துக் கோணல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிப் போடவேண்டும். ஒருமுறை நீண்ட பழைய போல்ட்டை மறுபடி நம்பாமல், அந்த எஞ்சினுக்கு உரிய புதுப் போல்ட்டுகளை வாங்கவேண்டும். புரியின் எண்ணெயைப் போக்கி, திரவம் பூசி, எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில், கம்பெனி சொன்ன கணக்குப்படி டார்க் ரிஞ்ச்சால் முடுக்கவேண்டும். எஞ்சினையும் கியர் பெட்டியையும் நேர்கோட்டில் நிறுத்தும் முளைகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பலம் கூட்டிய எஞ்சினென்றால், கிராங்க்குக்கும் பிளைவீலுக்கும் நடுவே கூடுதல் முளை அடிக்கலாம். கடைசியாக, எறிந்த அந்தப் புல்லியைத் தேடிக் கொண்டுவந்து மாட்டவேண்டும். பிள்ளைக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும்.

இதெல்லாம் வீண் செலவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 28 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிளைவீல் 6000 சுற்றில் ஓடும்போது, அதன் விளிம்பு மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போகிறது. போல்ட்டுகள் அறுந்தால் அது போகும் வழியில் முதலில் இருப்பது கார் ஓட்டுகிறவனின் கால்.

ஆகையால் மெக்கானிக் "முடுக்கிட்டேனுங்க" என்று சாவியை நீட்டும்போது, கூலி கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "சரிங்க, எதனால கழண்டுச்சு?" விடை தெரிந்த பட்டறையில் அந்த வண்டிக்கு மறுபடி வேலை இராது. தெரியாத பட்டறையில் அந்தப் பையனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திட்டு நிச்சயம்.