தொடக்ககால நச்சுக்கொடியின் ஏற்பிகளும் ஒட்டுப் புரதங்களும்

மனித நச்சுக்கொடி, கருவுற்ற ஆறாம் ஏழாம் நாளில் கரு கர்ப்பப்பையின் உட்சவ்வில் பதியும்பொழுதே உருக்கொள்ளத் தொடங்கி, முதல் மூன்று மாதங்களுக்குள் தன் பிரதான அமைப்பைப் பெற்றுவிடும் உறுப்பாகும். தாயின் திசுவுக்குள் புகுவது, புகுந்த இடத்தில் அளவோடு நிற்பது, சிசுவுக்குப் போஷணை தேடித் தருவது, ஹார்மோன் சுரப்பது ஆகிய இத்தனை காரியங்களையும் டிரோபோபிளாஸ்ட் என்னும் ஒரே செல்குலம் செய்துமுடிப்பது எவ்வாறு என்ற வினாவுக்கு, அச்செல்களின் மேற்பரப்பில் காலத்துக்கும் ஸ்தானத்துக்கும் ஏற்ப மாறிவரும் வளர்ச்சிக் காரணி ஏற்பிகளும் ஒட்டுப் புரதங்களுமே பெரும்பகுதி விடையளிக்கின்றன.

ஏற்பிகளுள் நன்கு ஆராயப்பட்டது மேற்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி. அக்காரணியைச் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியினின்று பிரித்தெடுத்த ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மொன்டால்சினியுடன் 1986இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு ஈராண்டு முன்னரே ஏற்பியின் அமினோ அமில வரிசை ஆராயப்பட்டபோது, பிரசவத்திற்குப்பின் வீசியெறியப்படும் நச்சுக்கொடியும் அதற்கு மூலப்பொருளாக உதவிற்று. கர்ப்பத்தின் 4, 5ஆம் வாரங்களில் இவ்வேற்பி முக்கியமாகச் சைட்டோடிரோபோபிளாஸ்ட் என்னும் உள்ளடுக்கில் தோன்றி, அச்செல்களின் பெருக்கத்துக்குத் துணைசெய்கிறது. 6ஆம் வாரம் முதல் பெரும்பாலும் சின்சிடியோடிரோபோபிளாஸ்ட் என்னும் புறப்படலத்தில் காணப்பட்டு, கோரியானிக் கோனடோட்ரோபின் போன்ற ஹார்மோன்களின் சுரப்பைத் தூண்டுகிறது. ஆகவே காரணி ஒன்றேயாயினும், அதனை ஏற்கும் செல் மாறும்பொழுது பலனும் மாறிவிடுகிறது. கல்லீரற் செல் வளர்ச்சிக் காரணியை நச்சுக்கொடியின் விரல்போன்ற கிளைகளின் உள்திசு சுரக்க, அதன் ஏற்பியாகிய மெட் டிரோபோபிளாஸ்டில் அமைந்துள்ளது. இக்காரணி இல்லாத சுண்டெலிக் கருக்கள் நச்சுக்கொடி பழுதுற்றுக் கர்ப்பத்திலேயே மடிவதை 1995இல் கண்டனர்.

இனி ஒட்டுப் புரதங்கள். கிளைகளுட் சில கர்ப்பப்பைச் சுவரைப் பற்றுமிடத்தில், சைட்டோடிரோபோபிளாஸ்ட் செல்கள் தூண்போல் அடுக்கி நின்று, நுனியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து தாயின் திசுவுக்குள் நுழைகின்றன. தூணின் அடியில் உள்ளவை ஆல்பா-6 பீட்டா-4 இன்டெக்ரினால் அடித்தளச் சவ்வைப் பற்றியிருக்கும். நுனியை நெருங்குந்தோறும் அது குறைந்து, ஃபைப்ரோநெக்டினைப் பற்றும் ஆல்பா-5 பீட்டா-1 மிகும். இன்னும் உள்ளே சென்ற செல்களில் லாமினினையும் கொல்லாஜனையும் பற்றும் ஆல்பா-1 பீட்டா-1 தலைதூக்கும். 1990களின் முற்பகுதியில் சான்பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் காரொலின் டாம்ஸ்கி, சூசன் ஃபிஷர் முதலியோர் இக்கிரமத்தை விளக்கியதோடு, எதிர்ப்பொருள்களால் ஆல்பா-1 பீட்டா-1ஐத் தடுத்தபோது ஊடுருவல் குன்றுவதையும், ஆல்பா-5 பீட்டா-1ஐத் தடுத்தபோது அது மிகுவதையும் காட்டினர். டிரோபோபிளாஸ்டைப் புற்றுநோய்ச் செல்லோடு ஒப்பிடுவது நூல்களில் வழக்கமெனினும், அவ்வொப்புமை பாதி உண்மைதான்: உந்துவதையும் தடுப்பதையும் இச்செல் ஒருங்கே ஏந்திச் செல்கிறது. இப்பிரயாணத்தில் மேற்தோல் காரணியின் ஏற்பி மறைந்து, அதன் குடும்பத்தைச் சேர்ந்த எர்பி-2 மேலோங்குவதும் பெருக்கம் நின்று ஊடுருவல் தொடங்கியதன் அறிகுறியாகும்.

கர்ப்பப்பையின் சுருள் தமனிகளை அடையும் செல்கள் இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களது வேடத்தையே பூணுகின்றன. செல்லோடு செல்லைப் பிணைக்கும் ஈ-கேட்ஹெரின் தளர, குழாய்ச் சுவருக்குரிய விஇ-கேட்ஹெரின் முதலியவை தோன்றும். தமனிகள் அகன்று, தாயின் குருதி தடையின்றிப் பாய்வதற்கு இம்மாற்றம் இன்றியமையாதது. கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் உயரும் பிரீஎக்ளாம்ப்சியா வியாதியில் இவ்வேடமாற்றம் நிறைவுறாமற் போவதை 1997இல் அதே ஆய்வாளர் குழு வெளியிட்டது. இவ்வியாதியில், ஃபிளிட்-1 என்னும் ஏற்பி சவ்வில் பதியாத கரையும் வடிவில் தாயின் குருதியில் மிகுந்து, நாளங்களைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளைப் பற்றி முடக்கிவிடுகிறது என்று 2003இல் நிறுவப்பட்டது. கரையும் ஃபிளிட்-1க்கும் நச்சுக்கொடி வளர்ச்சிக் காரணிக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் குருதிப் பரிசோதனை இன்று மருத்துவமனைகளில் வழக்கத்திற்கு வந்துள்ளது.